டேவிட் டக்ளஸ்

டேவிட் டக்ளஸ் (ஜூன் 25, 1799 - ஜூலை 12, 1834) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாவர சேகரிப்பாளர் ஆவார். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து பல ஊசியிலை மரங்களைப் பிரித்தானியத் தோட்டங்களுக்கு அறிமுகப்படுத்தியவர் இவரே. டக்ளஸ் ஃபர் மரம் இவர் பெயரால் வழங்கப்படுகிறது. எனினும் அம்மரத்தை முன்னரே கண்டு பதிவு செய்தவர் ஆர்ச்சிபால்ட் மென்சீஸ் என்பதால், அதன் அறிவியற் பெயரில் மென்சீசின் பெயரே உள்ளது.

இளமை

ஸ்கோன் என்னும் ஊரில் கல்தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஸ்கோன் அரண்மனைத் தோட்டத்தில் தொழில் பயின்று, பின்னர் கிளாஸ்கோ தாவரவியற் பூங்காவில் பணியாற்றினார். வில்லியம் ஹூக்கரின் பரிந்துரையால் 1823 இல் இலண்டன் தோட்டக்கலைச் சங்கத்தின் சேகரிப்பாளரானார்.

பயணங்கள்

1825 இல் கொலம்பியா ஆற்றுப் பகுதியை அடைந்தார். 1826 இல் ஓரிகனில் சர்க்கரைப் பைன் மரத்தின் உச்சியில் தொங்கிய கூம்புகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். ஓசை கேட்டு ஆயுதந்தாங்கிய எட்டுப் பழங்குடியினர் வந்தனர். புகையிலை தருவதாகக் கூறி அவர்களைக் கூம்பு தேட அனுப்பிவிட்டு, மூன்று கூம்புகளுடன் தப்பினார். 1833 இல் பிரேசர் ஆற்றில் படகு கவிழ்ந்ததில் நாட்குறிப்பையும் தாவர மாதிரிகளையும் இழந்தார். அக்காலத்தில் இவரது கண்பார்வையும் மங்கியிருந்தது.

இறப்பு

ஹவாய்த் தீவின் மௌனா கியா மலைச்சரிவில், காட்டு மாடுகளைப் பிடிக்க வெட்டிய குழியில் காளையால் குத்துண்டு இறந்து கிடந்தார். அப்போது இவருக்கு வயது 35. இது கொலையாக இருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது, அது உறுதிப்படவில்லை.

பங்களிப்பு

சிட்கா ஸ்புரூஸ், நோபிள் ஃபர், மான்டெரே பைன் ஆகியனவும் இவர் அறிமுகப்படுத்தியவை. நெடிதுயரும் நோபிள் ஃபரிலிருந்து, தரையோடு படரும் நீலநிறக் குட்டை வகையும் பிற்காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டது. சிறு வீட்டுத் தோட்டங்களிலும் அது வளர்க்கப்படுகிறது.