ஹாரியட் சிக் அம்மையார்

தரையிலிருந்து எழும்போதெல்லாம் என் அம்மா சுவரைப் பிடித்துக்கொள்வார். நாள் முழுதும் வீட்டிற்குள் அமர்ந்து பீடி சுற்றும் அவருக்கு வயது 50. வயதானால் அப்படித்தான் என்று எண்ணியிருந்தேன், ஹாரியட் சிக் அம்மையாரின் வரலாற்றைப் படிக்கும்வரை.

1875-இல் இலண்டனில் பிறந்தவர் அவர். 1905-இல் லிஸ்டர் ஆய்வுக்கழகத்திற்கு விண்ணப்பித்தபோது, பெண்ணைச் சேர்க்க வேண்டாமென அங்கிருந்தோர் இருவர் இயக்குநரிடம் மன்றாடினராம். இயக்குநர் இசையவில்லை, நல்ல வேளை!

முதல் உலகப்போர் முடிந்த வியன்னாவில் கொடும் பஞ்சம். 1919-இல் அங்கே சென்றார் அம்மையார். குழந்தைகளின் கால் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயைத் தொற்றுநோய் என்றே மருத்துவமனைத் தலைவர் பிர்கே கருதியிருந்தார். வெயிலும் காட் மீனெண்ணெயும் அதைத் தீர்க்கும் என அம்மையாரின் குழு நிறுவியது. இது பலரும் அறிந்தது. என்னை ஈர்த்தது வேறு. அதே நகரில் நடுவயதுப் பெண்களும் மூதாட்டிகளும் வலியால் படியேற இயலாமல், வாத்துப்போல் அசைந்து நடந்தனர். எல்சி டேலியல் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவருடன் சேர்ந்து, அவர்களுக்கும் மீனெண்ணெய் கொடுத்துப் பார்த்தார். வலி தணிந்தது, நடை திரும்பிற்று. 1921-இல் இதை வெளியிட்டனர். வைட்டமின் டி என்ற பெயரே 1922-இல்தான் வந்தது!

அம்மையார் 1977-இல், 102-ஆம் வயதில் காலமானார். அச்சத்து மிகக் குறைந்தால் எலும்போடு தொடை, இடுப்புத் தசைகளும் தளரும். போதிய அளவு உள்ளவர்க்கு மேலும் கொடுப்பதால் வலிமை கூடாது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே மாத்திரைக்கு முன் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அரைநாள் கூலி போய்விடுமே என்கிறார்.