கிணற்றைச் சுற்றி ஒரு சுவர்
(கொல்லிமலை ஜெஸ்மன் பிராண்டு)

மலர்க்குழு நண்பர்கள் என்னிடம் கேட்டது, மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. தலைவர்கள், விஞ்ஞானிகள், தொழிலதிபர்கள் பற்றி மற்றவர்கள் நன்றாகவே எழுதிவிடுவார்கள். நான் எங்க ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நாமகிரிப்பேட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மஞ்சள் மண்டி நினைவுக்கு வரும். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு நாதஸ்வரம் கிருஷ்ணன் நினைவுக்கு வருவார். அந்த ஊரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற கொல்லிமலையில்தான் ஜெஸ்மன் பிராண்டு வாழ்ந்தார், அங்கேயே மண்ணுக்குள் போனார்.

ஜெஸி மான் பிராண்டு என்பது முழுப்பெயர். நம்ம வாயில் அது ஜெஸ்மன் ஆகிவிட்டது. கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தப் பெயர் இன்றும் பரிச்சயம். மற்றவர்களுக்கு அவருடைய மகன் டாக்டர் பால் பிராண்டைச் சொன்னால் தெரியலாம்.

வறுமை ஏன் வருகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே பல கட்சிகள் உண்டு. பசித்தவனுக்குச் சோறு போடு, அது போதும் என்பவர்கள் ஒரு பக்கம். ஆத்துமாவைக் கவனி, மற்றது தானாக வரும் என்பவர்கள் இன்னொரு பக்கம். ஏழையை ஏழையாகவே வைத்திருக்கும் ஏற்பாட்டை மாற்றாமல் எத்தனை சோறு போட்டும் பயனில்லை என்பவர்கள் மூன்றாவது பக்கம். பிராண்டு எந்தக் கட்சி? அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, இந்தக் கேள்வியையே அவர் வேறு மாதிரி கேட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் 1885-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சபையின் ஊழியராக 1907-இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். அது பிரசங்கத்துக்கே முதலிடம் தந்த சபை. அவர் டாக்டர் அல்ல. லண்டனில் மிஷனரிகளுக்கென்று இருந்த லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு வைத்தியப் பயிற்சி பெற்றிருந்தார், அவ்வளவுதான். சேந்தமங்கலத்தில் தங்கியிருந்தபோது கொல்லிமலை மக்களைப் பற்றித் தெரிந்துகொண்டார்.

அப்போதைய கொல்லிமலையை இன்றைய மாணவர்கள் கற்பனை செய்வது கஷ்டம். இப்போது காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிவிடுகிறது. அன்று நடைபாதை மட்டும்தான். மலேரியாவுக்குப் பயந்து கீழ்நாட்டுக்காரர்கள் மலையில் இரவு தங்கவே தயங்கினார்கள். மேலே மலையாளிப் பழங்குடி மக்கள், நாடு நாடாகப் பிரிந்து, நெல்லும் சிறுதானியமும் விளைவித்து வாழ்ந்தார்கள். ஆஸ்பத்திரி கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது.

1913 ஆகஸ்டில் ஜெஸ்மனுக்கும் ஈவ்லின் ஹாரிஸ் என்ற லண்டன் பெண்மணிக்கும் திருமணம் நடந்தது. ஈவ்லின் வசதியான வீட்டுப் பெண், ஓவியர். திருமணம் முடிந்த கையோடு இருவரும் மழையில் மலை ஏறினார்கள். வாழவந்தி நாட்டில், ஜெஸ்மன் தாமே முன்னின்று அமைத்த மரவீட்டில் குடியேறினார்கள். அடுத்த ஆண்டு, 1914 ஜூலை 17-இல், பால் பிறந்தார். பின்னால் கான்னி என்ற பெண் குழந்தை.

ஜெஸ்மன் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், சொத்தைப் பல் பிடுங்கினார், புண் கட்டினார். மலையில் அப்போது ஒரு பெரிய தொல்லை நரம்புச் சிலந்தி நோய். இளைய நண்பர்கள் பலர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டீர்கள். காலில் கொப்புளம் வரும். அது உடைந்தால் நூல்போல் ஒரு புழு தலை நீட்டும். நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அதை ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, வாரக்கணக்கில் வெளியே இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்துப் புழு அறுந்துபோனால் கால் சீழ் பிடித்துவிடும். ஜெஸ்மன் பொறுமையாக உட்கார்ந்து இப்படிப் புழுக்களைச் சுற்றி எடுப்பதைச் சிறுவன் பால் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

இதில் வறுமை எங்கே வந்தது என்று கேட்கலாம். படுத்திருக்கும் அந்த வாரங்களில் உழவு போச்சு, நடவு போச்சு. விதைக்க முடியாதவன் அறுக்க முடியாது. சாப்பாட்டுக்குக் கடன், கடனுக்கு வட்டி. ஒரு புழு ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும்.

புழுவை எடுத்துக்கொண்டே இருந்தால் ஜெஸ்மன் நல்ல வைத்தியர் என்ற பெயரோடு நின்றிருப்பார். அடுத்த ஆண்டு அதே வீட்டில் இன்னொரு கால். எத்தனை ஆண்டு எடுப்பது? அவர் கிணற்றுக்குப் போனார். மலையில் கிணறுகள் ஆழமில்லாதவை, திறந்தே கிடப்பவை. தண்ணீர் எடுக்க வருபவர்கள் காலை நீரில் வைத்துத்தான் குடத்தை முக்குவார்கள். புண்ணுள்ள கால் நீரில் பட்டதும் புழு தன் குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் நீர்ப்பூச்சி அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரை நாம் குடித்தால் சுமார் ஓராண்டு கழித்து நம் காலில் புழு வரும். ஆக, காலும் தண்ணீரும் சந்திக்காமல் செய்துவிட்டால் சங்கிலி அறுந்தது. ஜெஸ்மன் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பினார். இனி யாரும் இறங்க வேண்டாம், வாளியும் கயிறும் போதும் என்று சொல்லிக் கொடுத்தார்.

நான் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்க்கிற பொறியாளன். பழுதான இடத்தை ஒட்டுப்போடுவது வேறு, பழுது ஏன் வருகிறது என்று பார்ப்பது வேறு என்று நம் வாத்தியார்கள் நமக்குத் தலைதலையாக அடித்துச் சொன்னார்கள். அந்தப் பாடத்தை ஒரு பிரசங்கியார் நூறு வருஷத்துக்கு முன் கல்லும் மண்ணும் வைத்து நடத்தியிருக்கிறார்.

சுவரோடு அவர் நிற்கவில்லை. பள்ளிக்கூடங்கள் கட்டினார். தச்சு வேலை, கட்டட வேலை, பட்டுப்புழு வளர்ப்பு என்று கைத்தொழில்கள் சொல்லிக் கொடுத்தார். நோய் போனால் உழைக்கலாம். ஆனால் உழைப்புக்கு ஒரு தொழிலும், கணக்குப் பார்க்க நாலு எழுத்தும் வேண்டுமல்லவா?

மதம் மாற்றத்தானே இதெல்லாம் என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவர் பிரசங்கம் செய்யத்தான் வந்தார், அதை ஒளிக்கவுமில்லை. ஆனால் முதல் சில ஆண்டுகளில் ஒருவர்கூட அவர் மதத்தில் சேரவில்லை. உள்ளூர்ப் பூசாரியின் எதிர்ப்பு பலமாக இருந்தது. மருந்தும் சுவரும் அதற்காக நிற்கவில்லை. 1918-க்குப் பின் உலகத்தையே உலுக்கிய விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. உறவுக்காரர்களே நோயாளிகளை விட்டு ஓடினார்கள். பிராண்டு தம்பதியர் அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டு போனார்கள். அதே பூசாரியும் அவர் மனைவியும் காய்ச்சலில் விழுந்தபோது உள்ளே நுழைந்ததும் இவர்கள்தான். சாகும் தறுவாயில் அவர் தம் பெண் குழந்தையை எதிராளி கையில் ஒப்படைத்தார். மலைமக்கள் அவரை நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஒரு பக்கமாகவே புகழ்ந்து எழுதினால் மலருக்கு அழகில்லை. குறைகளும் உண்டு. பெரும்பாரம் அந்த ஒரு மனிதரின் தோளில் இருந்தது. குடும்பமும் விலை கொடுத்தது. 1923-இல் விடுப்பில் இங்கிலாந்து போனார்கள். பிள்ளைகளைப் படிப்புக்காக அங்கேயே உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் திரும்பினார்கள். மகன் பிறகு தந்தையைப் பார்க்கவே இல்லை. 1929 ஜூன் 15-இல், மலேரியா முற்றி வருகிற கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்மன் இறந்தார். வயது 44. சாவுச் செய்தி தந்தியில் முதலில் போய்விட்டது. அவர் எழுதியிருந்த கடிதங்கள் கப்பலில் பிறகுதான் மகன் கைக்கு வந்தன.

ஈவ்லின் அம்மையார் சமவெளிப் பணிக்கு மாற்றப்பட்டார். 68 வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தபோது, மலைக்குத் தம் சொந்தப் பொறுப்பில் திரும்பிப் போனார். குதிரை மேல் ஊர் ஊராகச் சுற்றினார். கொல்லிமலையோடு நில்லாமல் பக்கத்து மலைகளுக்கும் போனார். 1974 டிசம்பரில், 95 வயதில் மறைந்தார். கணவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

மகன் பால் லண்டனில் முதலில் கட்டட வேலை கற்றார், பிறகு டாக்டரானார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் காயம்பட்டுப் பட்டுத் தேய்கின்றன என்று காட்டினார். மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. கை நேரானதால் பிச்சை குறைந்துவிட்டது, வேலையோ யாரும் தருவதில்லை என்று நோயாளிகள் சொன்னார்கள். உடனே அவர்களுக்குத் தச்சுத் தொழில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அப்பா புழுவிலிருந்து கிணற்றுக்குப் போனார். மகன் விரலிலிருந்து பட்டறைக்குப் போனார்.

நரம்புச் சிலந்தியை ஜெஸ்மன் ஒருவரே ஒழித்தார் என்று சொல்ல மாட்டேன். இந்திய அரசின் ஒழிப்புத் திட்டம் 1980-களில் தொடங்கியது. கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் பதிவானார். 2000-இல் இந்தியா விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. உலக அளவில் இதற்கு முன்னின்றவர் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர். அவரும் பாப்டிஸ்டுதான், ஞாயிறு பள்ளி ஆசிரியர். அவர் மையம் 1986-இல் இந்த வேலையைத் தொடங்கியபோது உலகில் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு இந்நோய். அவர் 2024 டிசம்பரில் மறைந்தார். அந்த ஆண்டில் உலகம் முழுவதும் பதிவான நோயாளிகள் 15 பேர். இந்த நோய்க்கு இன்றுவரை தடுப்பூசியும் இல்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை. துணியால் வடிகட்டுவது, கிணற்றைக் காப்பது, வீடு வீடாகச் சொல்லிக் கொடுப்பது, இவைதான் அதைச் சாய்த்தன.

நண்பர்களே, நம் பழைய மாணவர் சங்கமும் ஏழை ஊர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் பேசுகிறோம். காசு திரட்டுவது நமக்குக் கஷ்டமில்லை. நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில் நல்ல மனசோடு யாரோ போர்வெல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பழுது பார்க்க ஆள் இல்லை. மோட்டார் நின்ற இடத்தில் நிற்க, பெண்கள் பழைய குட்டைக்கே போய்க்கொண்டிருந்தார்கள். கொடுத்தவர்கள் ஒரு வாரம் அங்கே தங்கியிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. அடுத்த முறை எந்த ஊருக்கு எது கொடுப்பதானாலும், இன்றைய மாணவர்கள் நாலு பேரும் பழைய மாணவர் ஒருவரும் முதலில் அங்கே ஒரு வாரம் தங்கிவிட்டு வாருங்கள். யார் எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், யார் எதற்காகக் கடன் வாங்குகிறார்கள் என்று எழுதி வாருங்கள். தொகையைப் பிறகு முடிவு செய்வோம். தங்குவதற்கு இடம் தேடுகிறவர்கள் கொல்லிமலையிலேயே தொடங்கலாம். நான் வருகிறேன்.