ஒரே முகம், வேறு வேறு நோய்: ஜேம்ஸ் யூயிங் வாழ்க்கை

விஞ்ஞானி என்றவுடன் நமக்கு நியூட்டனும் எடிசனும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இந்த வருட மலரில் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். மெக்கானிக்கல் பையனுக்கு டாக்டர் கதை எதற்குன்னு கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஜேம்ஸ் யூயிங் 1866-ம் வருடம் டிசம்பர் 25-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். 14 வயதில் அவருக்குத் தொடை எலும்பில் சீழ் பிடித்தது. ஆன்டிபயாடிக் மருந்து இல்லாத காலம் அது. இரண்டு வருடம் படுக்கைதான்! படுத்தபடியே பொழுதுபோக்குக்காகப் போட்டிகளில் கலந்துகொள்வார். அதில் ஒரு போட்டியில் பரிசாக வந்ததுதான் ஒரு மைக்ராஸ்கோப். எலும்பு நோயால் படுத்துக் கிடந்த அந்தப் பையன் பெயரைத்தான் பின்னாளில் ஒரு எலும்பு நோய்க்கே வைத்தார்கள்.

1888-ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1891-ல் நியூயார்க்கில் டாக்டர் ஆனார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் முதல் நோய்க்குறியியல் பேராசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு 32 வயது. கல்யாணம் ஆன சில வருடங்களிலேயே மனைவி இறந்துபோனார். ஒரே மகன். அதன்பிறகு அவருக்கு வேலைதான் எல்லாமே. 1919-ல் கட்டிகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் பல வருடங்களுக்கு டாக்டர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது.

அந்தக் காலத்தில் எலும்பில் கொடிய கட்டி வந்தால் பெரும்பாலும் எலும்பே உண்டாக்கும் சர்கோமா, அதாவது ஆஸ்டியோசர்கோமா என்று முடிவு செய்து காலையோ கையையோ எடுத்துவிடுவார்கள். யூயிங்கிடம் 14 வயதுப் பெண் ஒருத்தி முன்கை எலும்பில் கட்டியோடு வந்தாள். அதையும் ஆஸ்டியோசர்கோமா என்றுதான் நினைத்தார்கள். ஆனால் ரேடியம் வைத்ததும் கட்டி நன்றாகச் சுருங்கியது! ஆஸ்டியோசர்கோமா ரேடியத்துக்கு அப்படி லேசில் மசியாது. யூயிங் இதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடவில்லை. அதே மாதிரி நடந்த மற்ற இளம் நோயாளிகளின் கட்டிகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் சின்னச் சின்ன உருண்டை செல்கள். அவை புது எலும்பு உண்டாக்கவில்லை. இது தனி நோய் என்று 1921-ல் கட்டுரை எழுதினார். இரத்தக்குழாயின் உள்தோலிலிருந்து வருகிறது என்பது அவர் கணிப்பு.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா? இல்லை! வேறு இடத்திலிருந்து பரவிய நரம்புக் கட்டியாக இருக்கும் என்று பெரிய நிபுணர்களே மறுத்தார்கள். ஏன்? மைக்ராஸ்கோப்பில் இந்தச் செல்களும், லிம்போமா செல்களும், தசைப் புற்று செல்களும், நரம்புக் கட்டி செல்களும் ஒரே மாதிரி நீல உருண்டைகளாகத்தான் தெரியும். முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் நம்ம ஒர்க்ஷாப்பை நினைத்துப் பாருங்கள். மைல்டு ஸ்டீல் துண்டும் ஹை கார்பன் ஸ்டீல் துண்டும் பக்கத்தில் வைத்தால் ஒண்ணுதான். கிரைண்டிங் வீலில் வைத்தால்? ஒன்று நீளக் கோடாகப் பொறி விடும், மற்றது பூ மாதிரி சிதறும். திசுவுக்கும் அப்படி ஒரு சோதனை வந்தது. செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதத்தோடு மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியை ஸ்லைடில் ஊற்றுவார்கள். அந்தப் புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பு நிறமாகும். 1975-ல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியைக் கண்டபின் இந்தச் சோதனை உலகமெங்கும் பரவியது.

யூயிங் கட்டியில் சி.டி.99 என்ற புரதம் செல்லைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி தெரியும். ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. சிலவகை லிம்போமாவிலும் சி.டி.99 வரும். அதனால் லிம்போமாவுக்கு டி.டி.டி., எல்.சி.ஏ., தசைப் புற்றுக்கு மையோஜெனின், எலும்பு செல்லுக்கு எஸ்.ஏ.டி.பி.2 என்று நாலைந்து சோதனையைச் சேர்த்துப் போட்டுத்தான் முடிவு சொல்வார்கள்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். என் சித்தப்பா மகனுக்கு 13 வயது. காலில் வீக்கம் வந்து சதைத்துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். ரிப்போர்ட்டில் உருண்டை செல் கட்டி, மேற்கொண்டு மார்க்கர் சோதனை தேவைன்னு போட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் படிக்கப் போனவன் நான் ஒருத்தன்தான் என்பதால் பேப்பரை என் கையில் கொடுத்தார்கள். புற்றுன்னு தெரிஞ்ச பிறகு எதுக்கு இன்னொரு டெஸ்ட், இன்னொரு செலவு என்று சித்தப்பா கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியாது. லைப்ரரியில் தேடியபோதுதான் யூயிங் கிடைத்தார்.

பதில் இதுதான். ஆஸ்டியோசர்கோமாவுக்கு மருந்தும் ஆபரேஷனும் வேண்டும், கதிர்வீச்சு அதிகம் உதவாது. யூயிங் கட்டிக்கு மருந்தோடு ஆபரேஷனோ கதிர்வீச்சோ இரண்டுமோ தரலாம். லிம்போமாவுக்கு மருந்தே வேறு. பேர் மாறினால் வைத்தியமே மாறிப்போகும்! சித்தப்பாவுக்கு இதைப் பொறுமையாக விளக்கினேன். சோதனைக்குச் சம்மதித்தார். யூயிங் கட்டி என்றே முடிவு வந்தது. தம்பிக்கு இப்போது மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.

யூயிங் 1931-ல் டைம் பத்திரிகையின் அட்டையில் இடம்பெற்றார். 1943 மே 16-ல், 76 வயதில், சிறுநீர்ப்பைப் புற்றுநோயாலேயே காலமானார். 1983-ல் இந்தக் கட்டியின் செல்களில் 11-வது, 22-வது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதைக் கண்டார்கள். 1992-ல் அதனால் ஒட்டிக்கொள்ளும் ஜீன்களையும் கண்டுபிடித்தார்கள். இரத்தக்குழாய் என்ற அவர் கணிப்பு நிற்கவில்லை. தனி நோய் என்ற அவர் தீர்ப்பு அசைக்க முடியாமல் நின்றது!

தோழர்களே, நாளைக்கு நாமும் ஏதோ ஒரு கம்பெனியில் சோதனை மேஜையில் உட்காரப் போகிறோம். பார்க்க ஒண்ணுதானேன்னு கையெழுத்துப் போடத் தோன்றும். அந்த நேரத்தில் இன்னொரு சோதனை போட்டுப் பார்ப்போம். அதன் முடிவுக்காக யாரோ ஒருவர் வீட்டில் காத்திருப்பார்கள்.

– இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்