குழப்பத்திற் பிறந்த நாடகாசிரியர்

இத்தாலி நாட்டைச் சேர்ந்த ஸிஸிலித் தீவின் தென்கரையில், அந்நாளில் ஜிர்ஜென்டி எனப்பட்ட நகருக்கு அணித்தாய், காவோஸ் என்றொரு பண்ணை உளது. குழப்பம் என்பது அப்பெயரின் பொருள். லூயிஜி பிராண்டெல்லோ 1867-ஆம் ஆண்டில் அங்கே பிறந்தார். தாம் குழப்பத்தின் மைந்தர் எனப் பிற்காலத்தில் அவர் வேடிக்கையாய்ச் சொல்லிக்கொண்டதும் உண்டு.

தந்தையார் கந்தக வணிகர். மகனாருக்கோ நூல்களிலேயே நாட்டம். ஜெர்மனியின் பான் சர்வகலாசாலையில், தம் ஊர்ப் பேச்சு வழக்கை ஆராய்ந்து 1891-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1894-இல் அந்தோனியெத்தா என்னும் நங்கையை மணந்தார். மக்கள் மூவர் பிறந்தனர்.

1903-இல் பேரிடியொன்று வீழ்ந்தது. தந்தையின் முதலும் மனைவியின் சீதனமும் இடப்பட்டிருந்த கந்தகச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. செய்தி கேட்ட அம்மையாருக்குக் கால்கள் செயலற்றன. பின்னர்க் கால்கள் தேறின, உள்ளம் தேறவில்லை. கணவர் பிற மாதரை நாடுகின்றார் என்னும் ஐயம் அவருள் வேரூன்றி, மெய்யாகவே நின்றது. கல்லூரியிற் கற்பித்துப் பொருளீட்டி, இரவிற் கதை எழுதி, அவ்வம்மையாரை இல்லத்திலேயே வைத்துப் பேணினார் பிராண்டெல்லோ. 1919-இல்தான் மருத்துவ விடுதிக்கு அனுப்ப இசைந்தார். தம்முடன் வாழ்ந்தவளின் கண்ணுக்குத் தாம் முற்றிலும் வேறொருவராய்த் தோன்றிய அவ்வாண்டுகளின் தனிமையை நாம் எங்ஙனம் அளப்பது!

அத்தனிமையே அவர் நாடகங்களிற் பேசுகின்றதென நாம் கருதுகின்றோம். 1921-இல் உரோமாபுரியில் அரங்கேறிய ‘ஆசிரியரைத் தேடும் ஆறு பாத்திரங்கள்’ என்னும் நாடகத்தில், எழுதி முடிக்கப்படாத குடும்பமொன்று ஒத்திகை மேடைக்குள் நுழைந்து, தம் கதையை நடத்தித்தர வேண்டுகின்றது. நடிகர் நடிக்கவே, பாத்திரங்களுக்குத் தம் உருவம் தமக்கே அயலாகின்றது. ஒருவன் சொல்லும் சொல்லிற்குக் கேட்பவன் தன் பொருளையே கொள்கின்றான். அன்றிரவு கூட்டத்தார் இது பைத்தியக்கார விடுதியென்று கூச்சலிட்டனர். ஆசிரியர் தம் மகளுடன் பக்கவாயிலால் வெளியேறினார். மறுவருடம் வந்த ‘நான்காம் ஹென்றி’யிலோ, பித்துத் தெளிந்தவன் உலகிற்கு மீள விரும்பாது பித்தனாகவே நடிக்கின்றான். இரண்டனுள் இதனையே நாம் மேலாகக் கொள்வோம்.

முகமூடிகளை இத்துணை நன்கறிந்தவர் 1924-இல் முஸோலினியின் கட்சியிற் சேர்ந்தார். அதனை நாம் மறைப்பதற்கில்லை, விளங்கிக்கொள்ளவும் கூடவில்லை.

1934-இல் நோபெல் பரிசு பெற்று, 1936 டிசம்பரில் உரோமாபுரியில் இறந்தார். ஏழைகளின் வண்டியிற் கொண்டுசெல்க, உற்றாரும் உடன்வரலாகாது என்று எழுதிவைத்திருந்தார். அவர்தம் சாம்பல் நெடுநாள் கழித்தே காவோஸ் பண்ணையை அடைந்தது. அந்தோனியெத்தா அம்மையார் விடுதியிலேயே 1959 வரை உயிர்வாழ்ந்திருந்தார்.