கோப்பையைச் சுமந்தவர்

1930ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள். தென்பிரான்சின் வில்ஃபிரான்சு துறைமுகத்தில் நின்றிருந்த 'கோன்டே வெர்டே' என்னும் இத்தாலியப் பயணக் கப்பலில் ஐம்பத்தாறு வயது வழக்கறிஞர் ஒருவர் ஏறினார். அவருடைய பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவே, முப்பத்தைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள சிறிய சிலை ஒன்று இருந்தது. சிறகு விரித்த வெற்றித் தேவதை தலைக்குமேல் கிண்ணம் ஒன்றைத் தாங்கி நிற்பதுபோல் ஆபெல் லாஃப்ளேர் என்னும் சிற்பி வெள்ளியில் வடித்துப் பொன்முலாம் பூசிய கோப்பை அது. அதை வெல்வதற்கான போட்டி அதுவரை ஒருமுறைகூட நடந்ததில்லை. கோப்பையைச் சுமந்து சென்றவர் ஜூல் ரிமே.

இன்று உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டி நடைபெறும் நாள்களில் நள்ளிரவிலும் உறங்காமல் தொலைக்காட்சிமுன் அமர்ந்திருப்போர் பலர். ஆட்டக்காரர்களின் பெயர்களை மழலையர்கூடச் சொல்கின்றனர். அப்போட்டியை உருவாக்கியவரின் பெயரோ அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தெரியாது.

மளிகைக்கடையிலிருந்து நீதிமன்றத்திற்கு

ரிமே 1873ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் கிழக்குப் பிரான்சிலுள்ள தெலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மளிகைக்கடைக்காரர். பிழைப்பு நாடிக் குடும்பம் பாரிசு நகருக்குக் குடிபெயர்ந்தது. ரிமே அங்கே சட்டம் பயின்று வழக்கறிஞரானார்.

அவர் சிறந்த கால்பந்து வீரர் அல்லர். அவரை ஈர்த்தது ஆட்டத்தின் நுட்பத்தைவிட, அது மனிதர்களை ஒன்றுகூட்டும் தன்மையே. அக்காலத்தில் ஐரோப்பாவில் விளையாட்டுக் கழகங்கள் பலவும் வசதி படைத்தோர்க்கே உரியனவாக இருந்தன. 1897ஆம் ஆண்டு ரிமே தம் நண்பர்களுடன் சேர்ந்து 'ரெட் ஸ்டார்' என்னும் கழகத்தைத் தொடங்கினார். பிறப்பையும் வருவாயையும் பாராமல் யாவரையும் அது சேர்த்துக்கொண்டது. இன்று எளிதாகத் தோன்றும் இச்செயல், அன்றைய பாரிசில் எளிதன்று.

முதல் உலகப்போரில் ரிமே பிரெஞ்சுப் படையில் பணியாற்றி வீர விருது பெற்றார். போருக்குப் பின் 1919இல் பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். 1921இல் பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் தலைமைப் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. பதுங்குகுழிகளில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட நாட்டினர் ஒரே மைதானத்தில் விதிக்குக் கட்டுப்பட்டு மோதிவிட்டுக் கைகுலுக்கிப் பிரிய முடியுமானால், அதுவே அமைதிக்கு ஒரு வழி என்று அவர் உறுதியாக நம்பினார். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய்யானது என்பதை அவர் வாழ்நாளே சோதித்துப் பார்த்தது.

மறுத்த நாடுகள்

அந்நாளில் நாடுகளுக்கிடையேயான பெரிய கால்பந்துப் போட்டி ஒலிம்பிக்கில்தான் நடைபெற்றது. ஊதியம் பெற்று ஆடுவோர்க்கு அங்கு இடமில்லை. ஆனால் ஆலைத் தொழிலாளியின் மகன் ஊதியமின்றி எத்தனை நாள் ஆட முடியும்? எனவே, சிறந்த ஆட்டக்காரர் அனைவரும் பங்குபெறும் தனிப் போட்டி ஒன்று வேண்டும் என ரிமேயும் அவருடைய துணைவர் ஆன்றி தெலோனேயும் வாதிட்டனர். 1928இல் ஆம்ஸ்டர்டாம் மாநாடு அதனை ஏற்றது. மறு ஆண்டு பார்சிலோனா மாநாடு, முதல் போட்டியை நடத்தும் உரிமையை உருகுவே நாட்டிற்கு அளித்தது. ஒலிம்பிக்கில் 1924, 1928 ஆகிய இருமுறையும் தங்கம் வென்ற அணி அது. தன் முதல் அரசியலமைப்பின் நூற்றாண்டைக் கொண்டாடவிருந்த அச்சிறு நாடு, வரும் அணிகளின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் தானே ஏற்பதாக அறிவித்தது.

ஆயினும் ஐரோப்பிய நாடுகள் அசையவில்லை. கடற்பயணமே இரு வாரங்கள். போக, ஆட, திரும்ப என இரு திங்கள் ஆகிவிடும். கழகங்கள் தம் வீரர்களை விட மறுத்தன. முதலாளிகள் விடுப்பு தர மறுத்தனர். போட்டிக்கு இரு திங்களே இருந்த நிலையிலும் ஓர் ஐரோப்பிய அணிகூட இசையவில்லை. ரிமே விடாமல் பேசினார். இறுதியில் பிரான்சு, பெல்ஜியம், ருமேனியா, யுகோசுலாவியா ஆகிய நான்கு மட்டும் இசைந்தன.

யுகோசுலாவியா நீங்கலாக மற்ற மூன்று அணிகளும் ஒரே கப்பலில் சென்றன. கப்பலின் மேல்தளமே பயிற்சிக் களம். வழியில் ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் அணியும் ஏறிக்கொள்ள, ஜூலை 4ஆம் நாள் கப்பல் மான்டிவிடியோவை அடைந்தது. எதிரெதிர் நின்று ஆடவேண்டியவர்கள் ஒரே உணவுக்கூடத்தில் உண்டு ஒரே தளத்தில் ஓடிய காட்சியை எண்ணிப் பாருங்கள். ரிமேயின் கனவு முழுமையாகப் பலித்த இடம் அந்தக் கப்பல்தானோ என்று தோன்றுகிறது.

ஜூலை 13ஆம் நாள் பிரான்சின் லுசியன் லொரான் மெக்சிகோவிற்கு எதிராக உலகக்கோப்பையின் முதல் கோலை அடித்தார். அவர் கார்த் தொழிற்சாலை ஒன்றின் ஊழியர். 13 அணிகள் ஆடிய அப்போட்டியின் இறுதியாட்டத்தில் உருகுவேயும் அர்ஜென்டினாவும் மோதின. எந்நாட்டுப் பந்தில் ஆடுவது என்பதிலேயே பூசல் எழுந்ததால், முற்பாதி ஒருவர் பந்திலும் பிற்பாதி மற்றவர் பந்திலும் ஆடப்பட்டது! உருகுவே 4–2 என வென்றது.

நம்பிக்கைக்கு வந்த சோதனை

1934ஆம் ஆண்டுப் போட்டி இத்தாலியில் நடைபெற்றது. முசோலினி அதனைத் தம் பாசிச ஆட்சியின் விளம்பரமாக்கிக்கொண்டார். ரிமேயின் கோப்பையைவிடப் பன்மடங்கு பெரிய கோப்பை ஒன்றைத் தம் பெயரால் வழங்கினார். நட்புக்கென ஏற்படுத்திய மேடையில் சர்வாதிகாரி ஏறி நின்றதை ரிமே தடுக்கவில்லை. தடுக்கும் ஆற்றல் அவருக்கு இருந்ததா என்பது வேறு வினா. 1938இல் அவருடைய சொந்த நாட்டில் போட்டி நடந்தபோது, தகுதி பெற்றிருந்த ஆஸ்திரியா வரவில்லை. ஏனெனில், அந்நாட்டையே இட்லர் விழுங்கியிருந்தார். விளையாட்டு போரைத் தடுத்துவிடும் என்ற எண்ணம் அடுத்த ஆண்டே பொய்த்தது.

போர்க்காலத்தில் கோப்பை இத்தாலியில் இருந்தது. அந்நாட்டுக் கால்பந்து அலுவலர் ஒட்டோரினோ பராசி அதனைக் காலணிப் பெட்டியில் இட்டுத் தம் கட்டிலுக்கடியில் மறைத்துக் காத்தார். போர் முடிந்தபின், 1946இல் அக்கோப்பைக்கு ஜூல் ரிமேயின் பெயரே சூட்டப்பட்டது.

பேசப்படாத உரை

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1950இல் போட்டி பிரேசிலில் நடைபெற்றது. இந்தியாவும் அதற்குத் தகுதி பெற்றிருந்தது, ஆனால் செல்லவில்லை. வெறுங்காலுடன் ஆட இசைவு கிடைக்காததே காரணம் என்று பலரும் கூறுவர். அது முழு உண்மையன்று. நீண்ட கடற்பயணமும், ஒலிம்பிக்கையே பெரிதெனக் கருதிய அன்றைய மனப்போக்கும் நம்மைத் தடுத்தன.

ஜூலை 16ஆம் நாள் மரக்கானா அரங்கில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் திரண்டிருந்தனர். உருகுவேயுடன் சமநிலை எய்தினாலே கோப்பை பிரேசிலுக்கு. வெற்றி உறுதி என நம்பிய அந்நாட்டினரைப் பாராட்டப் போர்த்துகீசிய மொழியில் உரை ஒன்றை ஆயத்தம் செய்து ரிமே தம்மிடம் வைத்திருந்தார். ஆட்டம் 1–1 என இருந்தபோது, பரிசளிப்புக்காக அவர் இருக்கையைவிட்டு எழுந்து படிகளில் இறங்கி மைதானத்தை நோக்கி நடந்தார். அவர் உள்வழியில் நடந்துகொண்டிருக்கையில் வெளியே இருந்த பேரொலி அடங்கிவிட்டது. மைதானத்தை அடைந்தபோது அரங்கம் முழுதும் மயான அமைதி. கிக்கியா அடித்த கோலால் உருகுவே 2–1 என முந்தியிருந்தது.

ஆட்டம் முடிந்தது. அணிவகுப்பு இல்லை, நாட்டுப்பண் இல்லை, மேடையும் இல்லை. கையில் கோப்பையுடன் கூட்டத்தில் தனியே நின்ற ரிமே, உருகுவே அணித்தலைவர் ஒப்துலியோ வரேலாவைத் தேடிக் கண்டு, ஒரு சொல்லும் பேசாமல் கோப்பையை அவர் கையில் ஒப்படைத்தார். எழுதிய உரை எழுதியபடியே இருந்தது.

1954இல் ரிமே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். முப்பத்து மூன்று ஆண்டுகள் அப்பதவியை வகித்தவர் வேறெவரும் இலர். அவ்வாண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அவர் கடைசியாகக் கோப்பையை வழங்கியது மேற்கு செருமானிய அணித்தலைவர் ஃபிரிட்சு வால்டரிடம். இரு உலகப்போர்களில் தம் நாட்டோடு பொருத நாட்டின் வீரர் அவர். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், எண்பத்து மூன்றாம் பிறந்தநாள் கழிந்த இரண்டாம் நாள், பாரிசை அடுத்த சுரேன் நகரில் ரிமே மறைந்தார்.

மும்முறை வென்ற பிரேசில் 1970இல் அக்கோப்பையை நிலையாகத் தனதாக்கிக்கொண்டது. 1983இல் ரியோ டி ஜெனிரோவில் அது களவு போயிற்று; இன்றுவரை கிடைக்கவில்லை. 1974 முதல் வழங்கப்படுவது வேறொரு கோப்பை. அதற்கு அவர் பெயர் இல்லை.