எண்ணில் கண்ட இன்பம்

1919ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் இராமானுஜன் சென்னை வந்து சேர்ந்தார். அவரைக் கண்டவர்கள் திடுக்கிட்டனர். ஐந்தாண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது பருத்த உடல்வாகு கொண்டிருந்தவர், எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்தார். இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர், டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினர் என்னும் பெருமைகளைப் பெற்றுவிட்ட அவருக்கு அப்போது வயது 31. வாழ்வில் எஞ்சியிருந்ததோ ஓராண்டும் சில நாள்களுமே. கணித மேதை இராமானுஜனை அறியாதவர் இலர். நெடுநாள் நோயாளியான இராமானுஜனை அறிந்தவர் சிலரே.

திண்ணையும் சிலேட்டும்

ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்த இராமானுஜன், வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாசன் துணிக்கடையில் கணக்கர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பாடுபவர். சாரங்கபாணி கோயிலை நோக்கிச் செல்லும் சன்னதித் தெருவில் அவர்களுடைய சிறிய ஓட்டு வீடு இருந்தது. நோய் அவ்வீட்டுக்குப் புதியதன்று. இராமானுஜனுக்கு இரண்டு வயதாகும்போது பெரியம்மை கண்டது. அக்காலத்தில் தஞ்சை மாவட்டத்தில் அம்மைக்குப் பலியான குழந்தைகள் ஏராளம். அவர் பிழைத்தார், முகத்தில் தழும்புகள் தங்கின. அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் மழலைப் பருவத்திலேயே அடுத்தடுத்து மறைந்தன.

இத்தகைய வீட்டின் திண்ணையில் அமர்ந்து, மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு அவர் எண்களோடு விளையாடத் தொடங்கினார். காகிதம் வாங்கப் பணமில்லை. எழுதியதைத் துணியால் துடைத்துக் கொண்டிருந்தால் சிந்தனை தடைப்படும் என்று முழங்கையாலேயே அழிப்பார். முழங்கை கறுத்துத் தடித்துப்போயிற்று. இறுதி விடை மட்டுமே குறிப்பேட்டில் ஏறும். அவ்விடைக்கு இட்டுச்சென்ற படிகள் சிலேட்டோடு அழிந்துபோயின. அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க உலகக் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைக்க நேர்ந்தது தனிக்கதை.

காவிரிக்கரையிலுள்ள அரசுக் கல்லூரியில் 1904ஆம் ஆண்டு உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் தவிர ஏனைய பாடங்களில் மனம் செல்லாமையால் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்த 1906இல் கடும் வயிற்றுக்கடுப்பு அவரைப் படுக்கையில் தள்ளியது, ஊர் திரும்பினார். தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றார். 1909இல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. 1910இன் தொடக்கத்தில் அறுவை சிகிச்சை ஒன்று தேவைப்பட்டபோது குடும்பத்திடம் பணமில்லை. மருத்துவர் ஒருவர் கட்டணமின்றிச் செய்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. 1913 ஜனவரி 16 அன்று அவர் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும், அதன் பயனாக 1914 மார்ச் 17 அன்று தொடங்கிய கடற்பயணமும் யாவரும் அறிந்தவை.

பனியும் படுக்கையும்

கேம்பிரிட்ஜில் இராமானுஜன் தாமே சமைத்து உண்டார். அங்குப் படித்த இந்திய மாணவர் மகலனோபிஸ் ஒருநாள் அவரது அறைக்குச் சென்றார். பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்றவர் இவரே. வாயு அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த இராமானுஜனிடம் ஓர் இதழில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் 50க்கு மேல் 500க்குள் வீடுகள் உள்ளன. ஒன்று முதல் வரிசையாக எண்ணிடப்பட்டவை. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்புறமுள்ள வீட்டெண்களின் கூடுதலும் வலப்புறமுள்ளவற்றின் கூடுதலும் சமம் எனில், அவ்வீட்டின் எண் யாது? 288 வீடுகளில் 204ஆம் வீடு என்பது விடை. கரண்டியைக் கீழே வைக்காமலேயே, அந்த ஒரு தெருவுக்கு மட்டுமின்றி எத்தனை வீடுள்ள தெருக்களுக்கும் பொருந்தும் விடைகளைத் தரும் தொடர்பின்னம் ஒன்றை இராமானுஜன் சொல்லிவிட்டார். கணக்கு அவருக்கு உழைப்பாக இருந்ததைவிடக் களிப்பாகவே இருந்தது.

அவர் சென்று சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. மரக்கறி உணவு மட்டுமே உண்ணும் அவருக்கு ஏற்ற பொருள்கள் கிடைப்பது அரிதாயிற்று. இரவு பகல் பாராத உழைப்பு, ஒழுங்கற்ற உணவு, குளிர், தனிமை ஆகியன சேர்ந்தன. 1917இன் இளவேனிற்காலத்தில் நோயுற்றார். குடற்புண் என்றார் ஒருவர். புற்றுநோயோ என ஐயுற்றார் மற்றொருவர். இறுதியில் காசநோய் என்று முடிவு கட்டினர். மெண்டிப் மலைப்பகுதி, டெர்பிஷயரின் மாட்லாக், இலண்டன், பட்னி என நோயாளர் இல்லங்கள் மாறிக்கொண்டே இருந்தன. காசநோய்க்குத் திறந்தவெளிக் காற்றே மருந்து எனக் கருதப்பட்ட காலம் அது. குளிர்காற்று வீசும் அறையில், பிடிக்காத உணவோடு, பேச ஆளின்றி அவர் கிடந்தார். நல்ல நோயாளி என்று அவரைச் சொல்ல இயலாது. உணவு குறித்து மருத்துவர்களோடு பிணங்கினார். வீட்டிலிருந்து கடிதங்கள் வருவதும் குறைந்துபோயிற்று. இங்கிலாந்தில் பணியாற்றிய இராமலிங்கம் என்னும் தமிழ்ப் பொறியாளர் நேரில் வந்து மூன்று நாள்கள் உடனிருந்தார், உணவுப்பொருள்களும் அனுப்பினார். தாய்மொழியில் பேசக் கிடைத்த அந்த மூன்று நாள்கள் எத்தகைய மருந்தாக இருந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

எனினும் அதற்கு முன்பே, 1918இன் தொடக்கத்தில், இராமானுஜன் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்த ஒரு நாளும் உண்டு. உரிய நேரத்தில் பிறர் காத்தனர்; ஹார்டி ஓடிவந்து துணைநின்றார். இதனை மறைத்துவிட்டு அவரது மனவலிமையைப் புகழ்வது உண்மையாகாது. இருள் சூழ்ந்த ஒரு மனம், தன்னைத் தாங்கிப் பிடிக்க மனிதர்கள் இருந்தமையால், மீண்டும் வாழ்வின் பக்கம் திரும்பியது. அவ்வாண்டிலேயே அரச கழக உறுப்பினராகவும், அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பட்னியில் நோய்ப்படுக்கையில் இருந்தபோது நிகழ்ந்ததே, இன்று பள்ளிச் சிறாரும் அறிந்த 1729 நிகழ்வு. தாம் வந்த வாடகை வண்டியின் எண் சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்று ஹார்டி கூற, இராமானுஜன் உடனே மறுத்தார். இரு கன எண்களின் கூடுதலாக இரண்டு வகையில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்றார். 12இன் கனமும் 1இன் கனமும் சேர்ந்தாலும் 1729. 10இன் கனமும் 9இன் கனமும் சேர்ந்தாலும் 1729. இந்நிகழ்வை அவரது அறிவுக்கூர்மைக்குச் சான்றாகவே பலரும் சொல்வர். உடல் நலிந்து கிடந்த ஒருவருக்கு, வழியில் போகும் வண்டியின் எண்ணைக்கூடச் சுவையற்றது என விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

அதே பட்னியிலிருந்து 1919 ஜனவரி 11 அன்று அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்திருந்தது. தாம் தாயகம் திரும்பியபின் கிடைக்கவிருக்கும் மொத்தத் தொகை தம் தேவைக்கு மிகுதி என அவர் கருதினார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் செலவு போக எஞ்சியதை ஏழை மாணவர், ஆதரவற்ற சிறுவர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் நூல்களுக்கும் செலவிடுமாறு கேட்டுக்கொண்டார். உதவித்தொகையை இழந்து கல்லூரிப் படிப்பைத் தொலைத்த மாணவனின் நினைவு அவரைவிட்டு அகலவில்லை போலும்.

காவிரிக்கரையில்

தாயகம் திரும்பியவரைச் சென்னையின் கோடை வாட்டும் என்று, காவிரிக்கரை ஊரான கொடுமுடிக்கு அழைத்துச் சென்றனர். சடங்கு நாள் ஒன்றில் ஆற்றில் நீராடச் சென்றபோது ஜானகியும் உடன்வர விரும்பினார். மாமியார் தடுத்தார், இராமானுஜன் வரட்டும் என்றார். தாயின் சொல்லை மீறியறியாத மகனின் இச்செயல் சிறியதுதான். ஆனால் எஞ்சிய நாள்களை யாருடன் கழிக்க அவர் விரும்பினார் என்பதை அது காட்டிவிட்டது.

செப்டம்பரில் கும்பகோணம் வந்தனர். காவிரியும் அரசலாறும் நீர் நிறைந்தோடும் சம்பாப் பருவம். எந்தத் திண்ணையில் சிலேட்டை வைத்துக் கணக்குப் போட்டாரோ, அதே வீட்டில் இப்போது காய்ச்சலும் வயிற்றுவலியுமாகப் படுத்திருந்தார். இங்கிலாந்தில் ஏங்கிய உணவு இங்கே கிடைத்தது, உண்ணத்தான் இயலவில்லை. உரிய மருத்துவத்துக்காக 1920 ஜனவரியில் அவரைச் சென்னைக்குக் கொண்டுசென்றனர். சேத்துப்பட்டில் வீடு அமைந்தபோது, எல்லாம் சட்டுப்புட்டென முடிந்துவிடும் என்பதை ஊர்ப்பெயரே சொல்கிறது என அவர் வேடிக்கை செய்தார் என்பர். அந்த வேடிக்கையில் கசப்பும் கலந்திருந்தது. எரிச்சலும் சினமும் மிகுந்த நாள்களும் இருந்தன.

வலி மிகும்போது ஜானகி வெந்நீரில் துணி நனைத்து மார்பிலும் கால்களிலும் ஒற்றடம் கொடுப்பார். வலி சற்றுத் தணிந்ததும் இராமானுஜன் காகிதம் கேட்பார். தலையணையில் சாய்ந்தபடி எழுதத் தொடங்குவார். எழுதிய தாள்களை ஜானகி சேர்த்து வைப்பார். நோய் தீரட்டும், பிறகு மகிழ்வோம் என்று காத்திருக்க அவருக்குக் காலம் இல்லை. அதனை அவரும் அறிந்திருந்தார். ஒற்றடத்துக்கும் அடுத்த வலிக்கும் இடையிலான பொழுது அவருக்கு உரியதாக இருந்தது. அதில் அவர் எண்களைத் தேர்ந்துகொண்டார்.

1920 ஜனவரி 12 அன்று அவர் ஹார்டிக்குத் தம் கடைசிக் கடிதத்தை எழுதினார். நெடுநாள் எழுதாமைக்கு வருந்திவிட்டு, உடனே தாம் கண்ட புதிய செய்திக்குச் சென்றுவிட்டார். போலித் தீட்டா சார்புகள் எனத் தாமே பெயரிட்ட 17 சார்புகளை அதில் விளக்கியிருந்தார். தீட்டா சார்புகளைப் போலவே தோன்றி அவற்றினின்று நுட்பமாக வேறுபடுபவை அவை. அவற்றின் உள்ளியல்பை முழுமையாக விளக்குவதற்கு, 2002இல் சுவேகர்ஸ் என்னும் நெதர்லாந்துக் கணித அறிஞரின் ஆய்வு வெளிவரும்வரை உலகம் காத்திருக்க நேர்ந்தது. இன்று கருந்துளைகளை ஆராயும் இயற்பியலாரும் அச்சார்புகளைக் கையாளுகின்றனர்.

இறப்பதற்கு நான்கு நாள் முன்புவரை அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததாக ஜானகி பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று இராமானுஜன் மறைந்தார். காசநோயே அவரது உயிரைக் கொண்டது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1994இல் யங் என்னும் ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, இளமையில் கண்ட வயிற்றுக்கடுப்பின் கிருமிகள் கல்லீரலில் தங்கி வளர்ந்தமையே காரணமாகலாம் என்றார். அக்கருத்து சரியெனில், அந்நாளிலேயே மருந்து இருந்த நோய்தான் அது.

ஜானகி சேர்த்துவைத்த தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அங்கிருந்து இங்கிலாந்தை அடைந்து, கைமாறி டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் உறங்கின. 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஏறத்தாழ 600 வாய்பாடுகள். தொலைந்த குறிப்பேடு என இன்று அழைக்கப்படும் அதன் பெரும்பகுதி, நோய்ப்படுக்கையில் எழுதப்பட்டது.

கணவரோடு சேர்ந்து வாழ்ந்த காலம் மிகச் சிலவே ஆன ஜானகி, தையல் கற்று அதனைத் தொழிலாகக் கொண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். ஒரு சிறுவனைத் தத்தெடுத்து வளர்த்தார். இராமானுஜனுக்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவில்லையே என்று அவர் முதுமையில் வருந்தியது நாளிதழில் வெளிவந்தது. அதனைப் படித்த அயல்நாட்டுக் கணித அறிஞர்கள் தம் பணத்தைத் திரட்டி, கிரான்லண்ட் என்னும் சிற்பியைக்கொண்டு வெண்கலத்தில் மார்பளவுச் சிலைகள் செய்வித்தனர். அவற்றுள் ஒன்று திருவல்லிக்கேணி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1994இல் மறையும்வரை ஜானகி அம்மாள் அதனோடு வாழ்ந்தார்.