நெருப்பில் இறங்காத கிந்தன்

சங்கரன்கோவில் வட்டாரத்திலே கொடை விழா என்றால், இரவெல்லாம் வில்லுப்பாட்டு! வில்லடிப்பவர் கதை சொல்வார். பக்கத்திலே இருப்பவர் ஆமாம் போடுவார். ஊரே உறக்கம் மறந்து கேட்கும். கிராமத்து மக்களின் அந்த வில்லை எடுத்து, காந்தியார் கதையை அதிலே பாடினார் ஒருவர். அவர்தான் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

1908-ம் ஆண்டு, நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிலே பிறந்தார். வீட்டிலே வறுமை, பள்ளிப் படிப்பு பாதியிலே நின்றது. நாடகக் கொட்டகையிலே சோடா விற்ற அந்தச் சிறுவர், பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவிலே நடிகரானார். 1936-ல் வந்த சதி லீலாவதியிலே திரையேறினார். மதுரம் அம்மையார் வாழ்க்கைத் துணையானார், திரையிலும் இணையானார். ஈட்டினார், ஈந்தார். 1944-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலே சிறை சென்றார். 1947-ல் குற்றமற்றவராக வெளியே வந்தார். பொருள் கரைந்தது, சிரிப்பு கரையவில்லை!

1949-ல் நல்லதம்பி வந்தது. கதை வசனம் தீட்டியவர் அறிஞர் அண்ணா. அதிலேதான் கிந்தனார் காலட்சேபம்.

நந்தனார் கதையை நாடு அறியும். சிதம்பரம் போக ஏங்கினார் நந்தனார். நெருப்பிலே மூழ்கி எழுந்த பிறகே உள்ளே இடம் கிடைத்தது. கலைவாணர் என்ன செய்தார்? அதே பாகவதர் கோலம், அதே பாட்டு முறை, அதே பக்திக் குழைவு. மாற்றியது ஊரை மட்டுமே! கிந்தன் ஏங்கியது சிதம்பரத்துக்கு அல்ல, பள்ளிக்கூடத்துக்கு. அடித்து விரட்டினார்கள், ரயிலேறிச் சென்னைக்குப் போனான், படித்தான், பள்ளிகளைச் சோதிக்கும் அதிகாரியாக ஊர் திரும்பினான்.

நெருப்பு எங்கே? இல்லை! தேவைப்படவும் இல்லை. ஏழை மகன் மனிதனாக மதிக்கப்பட வேண்டுமானால் அவன் வேக வேண்டுமா, படிக்க வேண்டுமா? இந்தக் கேள்வியைக் கலைவாணர் வாய்திறந்து கேட்கவில்லை. கேட்டவர் நெஞ்சிலே தானே முளைக்கும்படி விட்டார்.

வெளிப்படையாகச் சாடுவதைச் செம்பொருள் அங்கதம் என்றும், மறைத்துக் குத்துவதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் வகுத்தது தொல்காப்பியம். கலைவாணர் கைக்கொண்டது இரண்டாவது. வசை பாடியிருந்தால் வைதிகர் எழுந்து போயிருப்பார். காலட்சேபம் கேட்க அமர்ந்தாரே, எப்படி எழுவார்? சிரித்து முடித்த பிறகல்லவா, தம்மைப் பார்த்தே சிரித்தோம் என்பது புரியும்! இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அடிபட்ட கிந்தனைக் காட்டி அவர் எவரையும் சிரிக்க வைக்கவில்லை. அடித்த கை, பிறகு அதிகாரிக்குக் கும்பிடு போட்டதே, அங்கேதான் சிரிப்பு. எளியவனைப் பார்த்துச் சிரிப்பது ஏளனம். எளியவனோடு சேர்ந்து சிரிப்பதே அங்கதம்.

1957-ல், ஐம்பது வயதை எட்டாமலே மறைந்தார். 1969 ஜனவரியிலே சென்னையில் அவர் சிலையைத் திறந்துவைத்தார் அண்ணா; சில நாட்களிலே அண்ணாவும் மறைந்தார்.

கிந்தன் கதை முடிந்ததா? 2023 ஆகஸ்டிலே, நம் நெல்லைச் சீமை நாங்குநேரியிலே, ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, மாணவர் கையிலே சாதிக் கயிறு கூடாது என்று 2024-ல் பரிந்துரைத்தது.

பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டான் கிந்தன். அங்கேயும் அவனுக்கு நெருப்பு மூட்டுகிறார்களே! வில்லெடுக்கும் தோழர்களே, இந்த ஆண்டுக் கொடையிலே கிந்தன் கதையைப் பாடுங்கள். ஆமாம் போட நாம் இருக்கிறோம்.